பக்கத்துக் கட்டத்தில் மாப்பிள்ளை

1

இந்த மாதம் எனக்கு இரண்டு ஆபீஸ்களிலிருந்து கடிதம் வந்தது. ஒன்று, நான் இந்த நாட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாமா என்று முடிவு செய்கிற குடியேற்ற ஆபீஸ். மற்றொன்று, நான் கம்ப்யூட்டரில் ஆடுகிற கிராம ஆட்டத்தின் ஆபீஸ். சொல்லிவைத்தாற்போல இரண்டிலும் ஒரே கேள்விகள். நீ யார்? எந்த வீட்டில் இருக்கிறாய்? அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கும் உனக்கும் என்ன உறவு?

மலைமேல் இருக்கிற புதூர்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்து இந்தப் பங்குனியோடு ஆறு வருடம் முடிகிறது. ஆறு வருடமாக இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது.

நம் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் நடத்தும் பத்திரிகையில் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பனியைப் பற்றி எழுதுங்கள் அம்மா என்றார்கள். பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? வெள்ளையாக இருக்கிறது. வழுக்குகிறது. நான் ஐந்தாவது வரை படித்தவள். தெரிந்ததைத்தான் எழுத முடியும். நான் இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று, இந்த ஆட்டம். மலையில் இப்போது டவர் வந்துவிட்டது. உங்களிலும் சிலர் ஆடுவீர்கள். அவர்களுக்குப் பயன்படட்டும்.

நடுவில் வீட்டுக் கதையும் வரும். அதைப் பிரித்து வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, பேரு மட்டும் போடாதீங்க" என்றார். நான் என்றைக்கு அவர் பெயரைச் சொன்னேன், இப்போது போட?

2

மகள் மல்லிகா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை செங்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பேத்தி யாழினிக்குப் பதினாறு வயது. எட்டு மணிக்குள் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் வீட்டில் நானும், சூடான காற்று ஊதும் எந்திரமும்தான். அது ஊதுவதை நிறுத்தினால் எனக்குத் திடுக்கென்று இருக்கும்.

முதல் வருடம் யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பின்னாலேயே போவேன். "இன்னாடி சொல்லிக்குடுத்தாங்க இன்னிக்கி?" என்று கேட்பேன். "நத்திங் ஆயா" என்பாள். மறுநாளும் கேட்பேன். மறுநாளும் நத்திங். என் தொல்லை தாங்காமல் ஒரு நாள் அவளுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஆயா, இது வில்லேஜ் கேம். நீ ஃபார்மிங் பண்ணலாம். ஓகேவா?"

ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவள் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அதுதான் கடைசி. இப்போது அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. உள்ளே இங்கிலீஷில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நல்ல பிள்ளைதான். நான் பேசுவது அவளுக்கும் அவள் பேசுவது எனக்கும் வருடத்துக்கு வருடம் தூரமாகிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு வருகிறேன். இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க வேண்டாம். நியூஸ் பார்க்கிற மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து, பெயரும் ரகசியச் சொல்லும் போட்டால் உங்கள் கிராமம் வந்துவிடும். பெரிய வரைபடம், கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு நாட்டு மனிதருடைய கிராமம். எல்லாருக்கும் நாலு சரக்கு: மரம், களிமண், இரும்பு, தானியம். இவற்றை வைத்து வீடு, கிடங்கு, மதில் கட்டலாம், சிப்பாய் சேர்க்கலாம். நீங்கள் மூடிவிட்டுப் போனாலும் ஆட்டம் நிற்காது. தானியம் விளைந்துகொண்டே இருக்கும். உங்களைக் கொள்ளையடிக்கிறவனும் வந்துகொண்டே இருப்பான்.

முதலில் எல்லாரும் செய்கிற தப்பு, மரமும் களிமண்ணும் வேண்டும் வேண்டும் என்று அதையே பெருக்குவது. தானியத்தைப் பெருக்குங்கள். ஒவ்வொரு சிப்பாயும் மணிக்கு மணி தின்கிறான். சேர்ப்பது சுலபம், சோறு போடுவதுதான் கஷ்டம். தானியம் தீர்ந்தால் எண் சிவப்பாகிவிடும். அப்புறம் ஒவ்வொருவனாகச் செத்துப் போவான்.

புதிதாக வந்தவரைச் சில நாள் யாரும் அடிக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அந்த நாட்களில் சிப்பாய் சேர்க்காதீர்கள். பதுக்குக் குழி கட்டுங்கள். குழியில் இருப்பதைக் கொள்ளைக்காரன் எடுக்க முடியாது. கிடங்கு, நீங்கள் தூங்கி எழும் வரை விளைவதைப் பிடிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளைந்தது வழிந்து வீணாகும். நேரம் அதிகம் பிடிக்கிற கட்டடத்தைப் படுக்கப் போகும்முன் ஆரம்பித்துவிடுங்கள். சின்ன வேலைகளை உட்கார்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

பெரிய படை வருகிறது என்று சிவப்பு வாள் காட்டினால் எதிர்த்து நிற்காதீர்கள். சரக்கையெல்லாம் எதிலாவது செலவழித்துவிட்டு, சிப்பாய்களை வேறு எங்காவது அனுப்பிவிடுங்கள். வந்தவன் வெறுங்கையோடு போவான். சாமைக் காட்டில் பன்றிக் கூட்டம் இறங்கினால் குறுக்கே போய் நிற்போமா? அது போலத்தான்.

3

இந்த ஒரு ஆட்டம்தான் ஆடினேன் என்று நினைக்க வேண்டாம். தீவு தீவாகக் கப்பல் விடும் ஆட்டம் ஒன்று ஆடிப் பார்த்தேன். எங்கே தொட்டாலும் நிஜக் காசு கொடுத்துத் தங்கம் வாங்கு தங்கம் வாங்கு என்று சந்தையில் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தது. விட்டுவிட்டேன். தங்கம் விற்காத ஆட்டமே இல்லை. ஆனால் வாங்காவிட்டாலும் ஆட முடிகிற ஆட்டம் எது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்களில் படை நகர்த்துவது இன்னொன்று. அது அரை மணியில் முடிந்துவிடும். நீங்கள் நகர்த்தினால்தான் எதிராளி நகர்த்துவான். மூட்டு வலிக்கிறது என்று எழுந்து போய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தாலும் அது அப்படியே நிற்கும். காத்திருக்கிற ஆட்டம், துரத்துகிற ஆட்டம் என்று இரண்டு வகை இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்குக் காத்திருக்கிற ஆட்டம்தான் நல்லது. உடம்புக்கும் மனதுக்கும்.

அப்படியானால் நீ ஏன் துரத்துகிற ஆட்டத்தை ஆடுகிறாய் என்று கேட்பீர்கள். அதில் அக்கம்பக்கம் இருக்கிறது. அதனால்தான்.

கூட்டணி என்று ஒன்று உண்டு. சேருங்கள், ஆனால் சிறிய கூட்டணியில் சேருங்கள். பெரியதில் சேர்ந்தால் விடியற்காலை எழுந்து படை அனுப்பு என்று அதட்டுவார்கள். எங்கள் கூட்டணியில் பதினோரு பேர். பிரேசில் நாட்டு அம்மா ஒருத்தர்தான் தலைவி. தினமும் ஒரு பூப்படம் அனுப்புவார். நானும் ஒன்று அனுப்புவேன். ஒரு சொல் பேசியதில்லை. அந்த அம்மாவிடமிருந்து இரண்டு நாள் பூ வராதபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

இப்போது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாமியார், மாப்பிள்ளை முன்னால் நின்று பேசமாட்டாள். இப்போது எல்லாம் மாறிவிட்டது, தெரியும். ஆனால் நான் மாறவில்லை. எனக்குச் சொந்தக்காரர்களிடம் பேசவே நாக்கு எழாது. மல்லிகா நர்ஸ் படிக்கப் போன இடத்தில் அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை, மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர், படித்தவர். என்ன பேசுவது?

பத்தொன்பது வருடம். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. மல்லிகா இருந்தால் மல்லிகா வழியாகப் பேசுவேன். இல்லாவிட்டால் பாத்திரத்திடம் பேசுவேன். "கொழம்பு அடுப்பு மேல கீது" என்று சட்டியிடம் சொல்வேன். "சரிங்க அத்தை" என்று அவர் ஃபிரிட்ஜிடம் சொல்வார்.

மல்லிகாவுக்கு எரிச்சலாக வரும். "ரெண்டு பேத்துக்கும் நான் இன்னா தபால்காரியா? ஒரே வூட்ல கீறீங்க, மூஞ்ச பாத்து பேசினா முத்தா உதுந்துடும்?" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

யாழினி எனக்குக் கிராமம் ஆரம்பித்தபோது அவள் அப்பா ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார். அவர் அழைத்த மாதிரி போட்டால் பக்கத்துக் கட்டம் கிடைக்குமாம். "அப்பா பக்கத்துலயே போட்டுட்டேன் ஆயா, ஸேஃப்" என்றாள். என் கிராமத்துக்குச் சாமை என்று பெயர். அவருடையதற்குச் செங்கம்.

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. முதல் மாதம் என்னை எவனோ அடித்து மதிலை உடைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் பார்க்கிறேன், செங்கத்திலிருந்து வண்டி வண்டியாகக் களிமண்ணும் இரும்பும் வந்து இறங்கியிருக்கின்றன. நான் மதிலைக் கட்டினேன். அடுத்த வாரம் எனக்குத் தானியம் மிஞ்சியது. அனுப்பினேன்.

மலையில் ஆடி மாதத்தில் சில வீடுகளில் தானியம் தீர்ந்துவிடும். கேட்க மாட்டார்கள். கூரைமேல் புகை எழும்பாத வீட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறம் கேழ்வரகை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். முறம் திரும்பி வரும்போது அதில் நாலு புளியங்காயாவது கிடக்கும். எனக்குத் தெரிந்த பேச்சு அதுதான். அதையே மாப்பிள்ளையோடும் பேசினேன். ஐந்து வருடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

5

கூட்டணியில் யார் அந்த நேரத்தில் ஆட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரியும். எங்கள் கூட்டணியிலேயே இருக்கும் மாப்பிள்ளையின் புள்ளி காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் எரியும். பகலில் எரியாது. ஆபீஸ் நேரம்.

பொங்கல் கழிந்ததிலிருந்து பகலிலும் எரிய ஆரம்பித்தது. பத்து மணிக்கு எரிகிறது. பன்னிரண்டுக்கு எரிகிறது. மூன்றுக்கும் எரிகிறது. ஆபீஸில் வேலை குறைவு போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் அவர் சிப்பாய்கள் சேர்க்க ஆரம்பித்தார். நாளுக்கு நூறு, இருநூறு என்று கூட்டணிப் பட்டியலில் ஏறியது. அவர் அப்படி ஆடுகிறவர் இல்லை. கையில் வேறு வேலை இல்லாதவன்தான் அப்படிச் சேர்ப்பான். தானியம் போதவில்லை. என்னிடம் இருந்ததைத் தினமும் அனுப்பினேன். இந்தத் தடவை திரும்ப ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் வாசல் அலமாரியில் செருப்பு அடுக்கும்போது அவருடைய ஆபீஸ் அட்டை கையில் தட்டுப்பட்டது. கயிறோடு, ஒரு பழைய பூட்ஸுக்குள் கிடந்தது. அது இல்லாமல் ஆபீஸ் கதவே திறக்காது என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள். மறுநாளும் பார்த்தேன். அங்கேயே கிடந்தது. பத்து நாள் பார்த்தேன். அவர் தினமும் எட்டு மணிக்கு வழக்கம் போலப் பையை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

வேலை போய்விட்டது. மல்லிகாவிடம் சொல்லவில்லை.

நான் யாரிடம் சொல்ல? மகளிடம் சொன்னால் கோள் சொன்ன மாமியார். அவரிடம் கேட்க வாய் வராது. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போதுதான் குடியேற்ற ஆபீஸின் காகிதம் வந்தது. என்னை வைத்திருக்கும் வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று கம்பெனிக் கடிதம் வேண்டும், மாதக் கடைசிக்குள்.

"ஏங்க, அம்மா பேப்பருக்கு ஒங்க ஆபீஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க. என்னுது நான் வாங்கிட்டேன்" என்றாள் மல்லிகா.

"நாளைக்கு வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

நாளைக்கு மேனேஜர் லீவு. அதற்கு மறுநாள் மீட்டிங். அப்புறம் கேட்டிருக்கேன், தருவாங்க. மல்லிகா, "ஒரு லெட்டர் வாங்க துப்பில்ல, இதுல டீம் லீடராம்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் அடுப்படியில் நிற்க முடியவில்லை.

கடிதம் வராவிட்டால் நான் ஊருக்குப் போக வேண்டும். அது எனக்குப் பெரிதில்லை. மலையில் இருந்தபோதும் அலுப்பு இருந்தது, இங்கேயும் இருக்கிறது. அலுப்புக்கு நாடு ஏது? ஆனால் என் காகிதத்தால் அவர் மூடிவைத்தது உடைந்து, கட்டியவள் முன்னால் அவர் பொய்யராக நிற்க வேண்டி வருமே என்றுதான் பயந்தேன். அதற்குள் அவராகவே சொல்லிவிட வேண்டும். அவரைச் சொல்லவைக்க எனக்கு வழி தெரியவில்லை. தானியம்தான் அனுப்பத் தெரிந்தது.

6

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிராமத்தைத் திறந்தால் திறக்கவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஒரு கடிதம். கைபேசியைக் காட்டித் தமிழாக்கினேன். "உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நீங்கள் தள்ளுகிறீர்கள். தள்ளுவது தண்டனைக்குரியது" என்று வந்தது. நான் யாரைத் தள்ளினேன்? இரண்டு நாள் யோசித்து, மேலும் கீழும் படித்துப் பார்த்துத்தான் புரிந்தது. ஒரே ஆள் இரண்டு கிராமம் வைத்துக்கொண்டு ஒன்றின் சரக்கை மற்றதற்குத் தள்ளுவது திருட்டாம். சாமையும் செங்கமும் ஒரே வீட்டு இன்டர்நெட்டில் இருக்கின்றன. சாமையிலிருந்து செங்கத்துக்கு மூன்று மாதமாகத் தானியம் போகிறது, திரும்ப ஒன்றும் வருவதில்லை. ஆகவே நீ இரண்டு ஆள் இல்லை, ஒரே ஆள். இல்லையென்றால் விளக்கம் கொடு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் இரண்டு கிராமமும் அழிக்கப்படும்.

மனு எழுதுவது எனக்குப் புதிதில்லை. மல்லிகாவுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஏழு தரம் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறேன். ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சொல்வார்: "யம்மா, குடும்ப நெலமைய மறைக்காம எழுதணும். பாதி சொல்லி பாதி முழுங்கினா அதிகாரி நம்ப மாட்டாரு. இருக்கறத அப்டியே கொட்டிடு." ஏழாவது தரம் எல்லாவற்றையும் கொட்டித்தான் சான்றிதழ் வந்தது.

அதே மாதிரி எழுதினேன். எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன்.

"பெறுநர்: ஆட்டத்தின் அதிகாரி அய்யா அவர்கள். பொருள்: கிராமம் இரண்டையும் விடுவிக்கக் கோருதல். அய்யா, வணக்கம். நானும் செங்கம் கிராமத்தாரும் வேறு வேறு ஆட்கள். அவர் என் மகளின் கணவர். நான் அவரிடம் பேசும் வழக்கமில்லை. ஆகையால் தானியமாக அனுப்பினேன். குடும்ப நிலை: அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. என் மகளுக்குத் தெரியாது. தினமும் வேலைக்குப் போவதுபோலப் போய் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். பகல் முழுவதும் அவருக்கு இந்த ஒரு கிராமம்தான் இருக்கிறது. என் கிராமத்தை அழித்தாலும் பரவாயில்லை. அவருடையதை அழிக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கைபேசி அதை இங்கிலீஷாக்கிக் கொடுத்தது. தமிழ் மேலே, இங்கிலீஷ் கீழே. பொத்தானை அழுத்தினேன். மனசு லேசானது. அப்புறம்தான் மேலே பார்த்தேன். கடிதம் போகிற இடம் என்று அதிகாரியின் பெயர் இருந்தது. பக்கத்தில் சாமை. அதற்குப் பக்கத்தில் செங்கம். வழக்கு இரண்டு கிராமத்துக்கும் பொது. ஒருவர் எழுதினால் மற்றவருக்கும் போகும்.

தாலுகா ஆபீஸில் கொடுத்த மனுவையாவது பியூனைக் கெஞ்சித் திரும்ப வாங்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது? லேப்டாப்பை மூடி அதன்மேல் துணியைப் போட்டேன். என்னமோ துணி போட்டால் போகாது என்கிற மாதிரி.

7

ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. மத்தியானம் அவர் வீட்டுக்கு வருவதே இல்லை. பூட்ஸைக் கழற்றும் சத்தம். அப்புறம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அத்தை."

நான் திரும்பவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பொங்கல் கழிச்சு" என்று அடுப்பிடம் சொன்னேன்.

"மல்லிகாகிட்ட ஏன் சொல்லல?"

"அது நீங்க சொல்ல வேண்டியது. நான் சொன்னா வேற மாதிரி ஆய்டும்."

அப்புறம் சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது.

"அதிகாரி அய்யான்னு எழுதி இருக்கீங்களே, அவன் யாருன்னு தெரியுமா? எங்கியோ ஜெர்மனில காலேஜ் படிக்கற பையன். சம்பளம்கூட கெடையாது. சும்மா பாத்துக்கறான்."

"அதிகாரின்னு போட்ருந்திச்சி."

"ஒங்க மனுவ படிச்சிட்டு அவன் பயந்துட்டான் அத்தை. எனக்குத் தனியா எழுதி இருக்கான், 'ஆர் யூ ஓகே'ன்னு. மூணு மாசத்துல அத கேட்ட மொத ஆளு அவன்தான்."

அப்போது திரும்பினேன். பத்தொன்பது வருடத்தில் அவர் முகத்தை நேராக அன்றுதான் பார்த்தேன். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. முன்பே ஏன் பார்க்கவில்லை என்று இருந்தது.

"லெட்டர் இல்லன்னா பரவால்ல. நான் ஊருக்குப் போய்டறேன். அதுக்காக நீங்க பொய் சொல்லிக்கினு இருக்காதீங்க" என்றேன். அவரிடமே சொன்னேன்.

"நீங்க போய்டுவீங்கன்னுதான் சொல்லல. என் வேல போனதால அவ அம்மா போயிட்டாங்கன்னு ஆவும். அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவகூட வாழ?"

நான் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னிக்கி அவ வந்ததும் நானே சொல்லிட்றேன்" என்றார். "நீங்க பக்கத்துல இருங்க. எங்கியும் போய்டாதீங்க."

8

மற்றதை முன்பே சொல்லிவிடுகிறேன், அப்புறம் விட்டுப்போகும். கிராமங்களை விடுவித்துவிட்டார்கள். ஆனால் இனி சாமையும் செங்கமும் சரக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆடுகிறவர்கள் முதல் நாளே ஆட்டத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் போய் 'ஒரே இணைப்பைப் பகிர்கிறோம்' என்று பதிவு செய்துவிடுங்கள். நான் சொல்லும் யோசனைகளில் இதுதான் முக்கியமானது. வேறு யாரும் உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டார்கள், மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். இந்தச் சுற்றும் ஆவணியில் முடிந்துவிடும். எல்லாக் கிராமமும் அழிந்து திரும்ப முதலிலிருந்து ஆரம்பம். திரும்ப ஆடுவேனா தெரியவில்லை.

என் காகிதத்தை மல்லிகாவின் கடிதத்தை மட்டும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கூடவே ஒரு விளக்கம், மாப்பிள்ளை எழுதினார். எதையும் மறைக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை இப்போது சரக்குக் கிடங்கு ஒன்றில் நிற்கிறார், வேறு கிடைக்கும் வரை.

அன்றைக்கு மல்லிகா மூன்றரை மணிக்கு வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றக்கூட இல்லை. வெளியே பனி கரைந்து கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரமாக நின்றேன்.

"இன்னாங்க, இந்நேரத்துக்கே வூட்ல? லெட்டர் கெடச்சிச்சா?"

அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரமே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்றார். லெட்டர் இல்லை என்றார்.

மல்லிகா நின்றபடியே கேட்டாள். தோளில் மாட்டியிருந்த பை அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒனக்கும் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஓ. அப்போ இந்த வூட்ல நான் ஒருத்திதான் வெளியாளு. மாமியாரும் மாப்ளயும் பேசிக்கவே மாட்டாங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னய..." அவளால் முடிக்க முடியவில்லை.

"அத்தை மேல தப்பு இல்ல. நான்தான்" என்றார்.

"நீங்க பேசாதீங்க."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. பை அவள் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. அப்புறம் கேட்டாள், வேறு குரலில்:

"தெனமும் டப்பா கட்டிக் குடுத்தனே. எங்க உக்காந்து சாப்ட்டீங்க?"

"பத்து மணிக்குத்தான் லைப்ரரி தொறப்பான். அங்க உள்ள வெச்சி சாப்பிட விட மாட்டான். கார்லதான்."

"இஞ்சின் போட்டுக்கினா?"

அவர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இறக்கினார்.

"கேக்கறேன் இல்ல. ஹீட்டரு போட்டீங்களா இல்லியா?"

"பெட்ரோல் சீக்கிரம் தீந்தா நீ கேப்பியே."

தை மாதமும் மாசியும் இங்கே என்ன குளிர் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. குப்பை போட வாசலுக்குப் போய்வரும் நேரத்தில் மூக்கு மரத்துப் போகும்.

மல்லிகா அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கைய காட்டுங்க" என்றாள். அவர் காட்டவில்லை. அவளே இழுத்து மேசைமேல் வைத்தாள். ஆஸ்பத்திரியில் வந்தவர்களைப் பார்ப்பது போல, சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்திவிட்டு, இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். "இது வலிக்குதா? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கை முடிந்ததும் மற்றக் கையை எடுத்தாள். பத்து விரலையும் பார்த்து முடித்த பிறகுதான் அழுதாள்.